வேலை தேடும் வேலை: கங்காணி முதல் கணினி வரை



போன மாதம் வீட்டில் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடங்கிப்போன அட்டை ஒன்று கிடைத்தது. என் அத்தையின் வேலைவாய்ப்பு அலுவலக அடையாள அட்டை. 1996-ல் பதிவு செய்தது. அதில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்த முத்திரைகள் வரிசையாக இருந்தன. "இது இன்னும் வேணுமா அத்தை?" என்று கேட்டேன். "தூக்கிப் போட்டுடாத கண்ணு, அதுல என்னோட பதினாறு வருஷம் இருக்கு" என்றார்.

நான் இப்போது கல்லூரியில் இறுதியாண்டு. எங்கள் வகுப்பில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வேலை தேட எந்த சைட் நல்லது? எப்படித் தயார் ஆவது?" அதற்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் அந்த அட்டை மனதை விட்டுப் போகவில்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் எப்படி வேலை தேடினார்கள்? வேலை காலியாக இருக்கிறது என்ற தகவல் தருமபுரி மாதிரி ஒரு ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது? தேடப் போனால் பெரிய வரலாறே இருக்கிறது. முதலில் வரலாறு, கடைசியில் நம் விஷயம். சரிதானே?

தகவலோடு வந்த கங்காணி

தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல். அதற்கு முன் நாம் சேலம் மாவட்டத்தில் இருந்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்கள் போன தமிழ் மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அந்தக் காலத்தில் வேலைச் செய்தி பேப்பரில் வரவில்லை, ஆள் உருவத்தில் வந்தது. அவர்தான் கங்காணி. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரே ஊருக்குத் திரும்பி வந்து, தன் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். சம்பளம் எவ்வளவு, வீடு எப்படி, கடன் எப்போது தீரும்? எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதுதான் பதில். சரிபார்க்க வேறு வழியே கிடையாது.

அரசின் தடைகளால் 1938-ல் மலேயாவுக்கும் 1939-ல் இலங்கைக்கும் இப்படிப் போவது நின்றது. ஆனால் அந்த முறை நிற்கவில்லை. பெயர் மட்டும் மேஸ்திரி என்று மாறியது. என் தாத்தா 1960-களில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது ஒரு மேஸ்திரி கொடுத்த முன்பணத்தில்தான். "போய்ச் சேர்ந்த பிறகுதான் என்ன வேலைன்னே தெரிஞ்சது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இன்றும் நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் மேஸ்திரி பின்னால் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வேலை என்பது ஒன்று. வேலை பற்றிய தகவல் என்பது வேறு. தகவலைக் கையில் வைத்திருப்பவர் அதற்கு ஒரு விலை வைத்துவிடுகிறார்.

"தொழிற்சாலை வாசலிலேயே ஆள் கிடைக்கிறதே!"

இந்தத் தகவலை இலவசமாகத் தருவது அரசின் கடமை என்ற எண்ணம் இங்கிலாந்தில் 1909-ல் சட்டமாக வந்தது. அப்போது வணிகத் துறை அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1910 பிப்ரவரி 1-ல் அங்கே 60-க்கும் மேற்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே இலவச வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை போட்டது. இந்தியாவும் 1921-ல் ஏற்றுக்கொண்டது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை! 1929-ல் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் இந்த அலுவலகங்களால் பெரிய பயன் இருக்காது என்று கருதியது. முதலாளிகளுக்கு ஆள் கிடைப்பதில் கஷ்டமே இல்லையாம், வாசலிலேயே கிடைக்கிறார்களாம். வேலை கிடைக்காதவனின் கஷ்டம் கணக்கில் வரவே இல்லை. 1938-ல் இந்தியா அந்த உடன்படிக்கையிலிருந்தே விலகிக்கொண்டது.

ஆனால் அதே 1929-ல் சென்னையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அரசு வேலைக்கு ஆள் எடுக்க சென்னை மாகாணம் சட்டம் போட்டு ஒரு தேர்வாணையத்தை அமைத்தது. இந்திய மாகாணங்களில் இதுதான் முதலாவது. நாம் இன்று ராத்திரி பகலாகப் படிக்கும் டி.என்.பி.எஸ்.சி.யின் தாத்தா இதுதான். (1970-லிருந்துதான் இந்தப் பெயர்.) சிபாரிசுக் கடிதத்துக்குப் பதில் விண்ணப்பம், தேர்வு என்ற பாதை அப்போதே திறந்துவிட்டது.

போர் முடிந்ததும் பிறந்த அலுவலகம்

வேலைவாய்ப்பு அலுவலகம் நம் நாட்டில் அகில இந்திய அளவில் வந்தது 1945 ஜூலையில். காரணம், இரண்டாம் உலகப் போர். போரிலிருந்து திரும்பும் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கும் போர்த் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறுபவர்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும். அதற்காகத் தொடங்கியதுதான் இந்தத் துறை. 1947-ல் பிரிவினையால் இடம்பெயர்ந்தவர்களும் இதன் கீழ் வந்தார்கள். 1948-ல்தான் யார் வேண்டுமானாலும் பதியலாம் என்று கதவு திறந்தது. 1956 நவம்பர் 1-ல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது.

அடுத்து 1959-ல் ஒரு சட்டம். அரசு அலுவலகங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். 1960 மே 1 முதல் நடைமுறை. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இப்போது உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

முதலாவது, அறிவிப்பதுதான் கட்டாயம். அந்த அலுவலகம் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

இரண்டாவது, அறிவிக்காவிட்டால் முதல் தடவை அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். அடுத்தடுத்த தடவைகளுக்கு 1,000 ரூபாய்.

மூன்றாவது, தனியாரிடம் செய்யும் விவசாய வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்துக்குக் குறைவான வேலை எதற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

இந்த மூன்றாவதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. காட்டு வேலை, செங்கல் சூளை, சீசனுக்குப் போகும் கரும்பு வெட்டு... எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த வேலைகள் இவைதான். அதாவது படிக்காதவர்களுக்கு மேஸ்திரி, படித்தவர்களுக்கு அலுவலகம் என்று இரண்டு உலகம் அப்படியே தொடர்ந்தது. 2011 கணக்கெடுப்பில்கூட தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம்தான். தமிழ்நாட்டிலேயே கடைசி. மாநிலத்தின் அளவு 80 சதவீதம்.

1959 சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் அறிவிப்பதுதான் கட்டாயம், ஆள் எடுப்பது கட்டாயம் இல்லை.

அட்டைக்கு ஒரு எண்

பதிவு செய்யப் போனால் உங்களுக்கு ஓர் அடையாள அட்டை கொடுப்பார்கள். உங்கள் விவரங்கள் எழுதிய இன்னொரு அட்டை அலுவலகத்திலேயே இருக்கும். அந்த அட்டையில் ஒரு தொழில் குறியீட்டு எண் போடுவார்கள். 1958-ல் வந்த தேசியத் தொழில் வகைப்பாடு என்ற பெரிய பட்டியலிலிருந்து எடுக்கும் எண் அது. தட்டச்சருக்கு ஒரு எண், வெல்டருக்கு ஒரு எண், ஆசிரியருக்கு ஒரு எண். காலியிடம் வந்தால் அந்த எண் உள்ள அட்டைகளை எடுத்து, பதிவு மூப்புப்படி பெயர்களை அனுப்புவார்கள். வீட்டுக்கு இன்டர்வியூ கார்டு வரும். நீங்கள் வெல்டிங்கும் தெரிந்த ஓட்டுநர் என்றால், வெல்டிங்கைச் சொல்லிப் பதியாவிட்டால் வெல்டர் வேலைக்கு உங்கள் பெயர் போகவே போகாது.

இன்று வேலை இணையதளங்களில் கீவேர்டு போட்டுத் தேடுகிறார்களே, அதுவும் இதேதான்! அட்டைக்குப் பதில் கணினி. பயோடேட்டாவில் நாம் எழுதாத திறமை, தேடுகிறவர் கண்ணில் படாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வரிசை கலைந்த கதை

இப்போது அத்தை கதைக்கு வருகிறேன். அத்தை ஆசிரியர் பயிற்சி முடித்ததும் 1996-ல் பதிந்தார். இடைநிலை ஆசிரியர் வேலைக்கு அப்போது பதிவு மூப்புதான் கணக்கு. யார் முன்னால் பதிந்தாரோ அவருக்கு முன்னால் வேலை. காத்திருப்பதுதான் தகுதி. புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும் என்பதால், இரண்டாவது பிரசவம் முடிந்து இரண்டே வாரத்தில் கைக்குழந்தையோடு வரிசையில் நின்றிருக்கிறார்.

அதே 1996-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கு ஒன்றில் முக்கியமான தீர்ப்பு சொன்னது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களை மட்டும் பார்த்தால் போதாது, செய்தித்தாளிலும் விளம்பரம் செய்து விண்ணப்பிக்கிற எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நியாயம்தான். அட்டை இல்லாதவருக்கும் வாய்ப்பு வேண்டுமே. ஆனால் வரிசையின் மதிப்பு அன்றே குறையத் தொடங்கிவிட்டது.

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் ஆனது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலை 12-ல் நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் எவ்வளவு தெரியுமா? 2,448 பேர்! நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று பெரிய குறை எழுந்தது. அக்டோபரில் நேரத்தை மூன்று மணியாக்கி மறுதேர்வு வைத்தார்கள்.

அத்தை இரண்டிலும் தேறவில்லை. 2013-ல் நடந்த தேர்வில் தேறினார். ஆனால் அப்போதும் இடம் கிடைக்கவில்லை. 2018-ல் அரசாணை 149 வந்தது. தகுதித் தேர்வு மட்டும் போதாது, தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. அத்தை அத்தோடு விட்டுவிட்டார். இப்போது ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்.

தேர்வு வைத்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி வேண்டும். ஆனால் "காத்திரு" என்று பதினாறு வருடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் "ஓடு" என்று சொன்னால் என்ன செய்வது? அத்தை அந்த ஆண்டுகளில் படிப்பைத் தொடவில்லை, காரணம் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இந்த வரலாற்றில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் இதுதான்.

தமிழ்நாடு முழுவதும் இந்த அலுவலகங்களில் பதிந்து காத்திருந்தவர்களின் எண்ணிக்கை 2021-ன் முடிவில் 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் எத்தனை அத்தைகளோ!

பேப்பரிலிருந்து இணையத்துக்கு

அலுவலகத்துக்கு வெளியே தகவல் கிடைத்த இன்னொரு இடம் செய்தித்தாள். டீக்கடையிலும் கிளை நூலகத்திலும் வேலைவாய்ப்புப் பக்கத்துக்குத்தான் முதல் கிராக்கி. மத்திய அரசு 1976-ல் எம்ப்ளாய்மென்ட் நியூஸ் என்ற வார இதழைத் தொடங்கியது. ஆங்கிலம், இந்தி, உருது மூன்று மொழிகளில். தமிழில் இல்லை! தமிழ் வழியில் படித்தவர் அதை வாங்கிவந்து ஆங்கிலம் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். மறுபடி ஒரு இடைத்தரகர், அன்பான இடைத்தரகர் என்றாலும். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. நடத்தும் எம்.டி.எஸ். தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்ற நிலை வந்தது 2023-ல்தான்.

இணையக் கதை சுவையானது. சஞ்சீவ் பிக்சந்தானி டெல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். அலுவலகத்துக்கு வரும் பிசினஸ் இந்தியா பத்திரிகையை எல்லோரும் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறார்கள். காரணம், வேலை விளம்பரங்கள் அங்கேதான்! நல்ல வேலையில் இருப்பவர்கள்கூட வேறு வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று புரிந்தது. 1995 ஆகஸ்ட் 15-ல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது. 1997-ல் அவர் நௌக்ரி தளத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் செய்தித்தாள் விளம்பரங்களைத் தட்டச்சு செய்துதான் ஏற்றினார்களாம்.

அரசும் மெதுவாகப் பின்னால் வந்தது. 2015 ஜூலையில் மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளம். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையம். 2022 மார்ச் 1-ல் நான் முதல்வன் திட்டம். வேலைவாய்ப்புப் பதிவும் புதுப்பித்தலும்கூட இப்போது இணையத்திலேயே முடிகிறது. கைக்குழந்தையோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அப்படியானால் கங்காணி ஒழிந்தாரா?

இல்லை! என் அனுபவத்தையே சொல்கிறேன். போன வருடம் ஒரு வேலைத் தளத்தில் பயோடேட்டாவை ஏற்றினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. நல்ல ஆங்கிலம். பெரிய கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, இன்டர்வியூ நாளைக்கே, ஆனால் "ரிஜிஸ்ட்ரேஷன்" 1,500 ரூபாய் உடனே கட்ட வேண்டும். கட்டிவிட்டேன் (சிரிக்காதீர்கள்!). அந்த எண் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது.

கேட்டுவிட்டுத் தாத்தா சொன்னார்: "எங்க காலத்துல மேஸ்திரியாவது அவன் கைக்காசைக் கொடுத்துக் கூட்டிப் போவான். உங்க காலத்துல உங்ககிட்டயே வாங்குறானா?" இதைவிடச் சரியாக யாரால் சொல்ல முடியும்!

நாம் என்ன செய்யலாம்?

இவ்வளவு படித்த பிறகு எனக்காக நான் எழுதி வைத்துக்கொண்டவை இவை. உங்களுக்கும் உதவலாம்.

1. மூலத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வேலைச் செய்தியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அரசு வேலை என்றால் அறிவிக்கை அந்தத் துறையின் தளத்திலேயே இருக்கும். தள முகவரி "கவ்.இன்" அல்லது "நிக்.இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். தேர்வுக் கட்டணம் விண்ணப்பத்தோடு அதிகாரபூர்வத் தளத்தில் கட்டுவது மட்டுமே. போனில் கேட்டால் அது மோசடி.

2. வேலை தருகிறவர் நமக்குத்தான் பணம் தர வேண்டும். இன்டர்வியூவுக்கோ பயிற்சிக்கோ முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நான் வெட்கப்பட்டு ஒரு வாரம் விட்டதுதான் தப்பு.

3. வெளிநாட்டு வேலைக்கு 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தானா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே 1978-லிருந்து இருக்கிறது.

4. பயோடேட்டாவில் தெரிந்த எல்லாத் திறமையையும் அதன் சரியான பெயரோடு எழுதுங்கள். "கம்ப்யூட்டர் தெரியும்" என்று எழுதினால் யார் தேடினாலும் கிடைக்காது. எக்செல், டேலி, தமிழ்த் தட்டச்சு என்று தனித்தனியாக எழுதுங்கள். பழைய அட்டையின் எண்ணை நினைவில் வையுங்கள்!

5. இலவசமாகக் கிடைப்பதை முதலில் பயன்படுத்துங்கள். டி.என்.பி.எஸ்.சி. தளத்திலேயே பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் இருக்கின்றன. பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவசப் பயிற்சி உண்டு. அந்த அலுவலகத்துக்கு இப்போது தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்றும் பெயர். வீட்டிலிருந்தே படிக்க அதே துறையின் இணையதளத்தில் பாடக்குறிப்புகள் இருக்கின்றன.

6. ஒரே வாசலில் நிற்காதீர்கள். 2022 குரூப் 4 தேர்வில் 7,301 இடத்துக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஒரு இடத்துக்கு 300 பேர்! படியுங்கள், ஆனால் கூடவே தனியார் வேலைக்கும் விண்ணப்பியுங்கள், ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்ளுங்கள்.

முடிவாக

நூறு வருடக் கதையைத் திரும்பிப் பார்த்தால், வேலைச் செய்தி நமக்குப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கங்காணியின் வாயிலிருந்து அலுவலக அட்டைக்கு, பேப்பருக்கு, இப்போது கையில் இருக்கும் போனுக்கு. ஆனால் செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும்போது, முன்னால் தெரிந்துகொண்டதாலோ முன்னால் வரிசையில் நின்றதாலோ யாரும் ஜெயிக்க முடியாது. தயாராக இருப்பவருக்குத்தான் பலன். அத்தையிடம் காலம் இருந்தது, தயாராகச் சொல்லும் தகவல் இல்லை. நம்மிடம் தகவல் கொட்டிக் கிடக்கிறது, காலம்தான் குறைவு.

போன வாரம் நானும் இணையத்தில் பதிவு செய்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்தே நிமிடத்தில் பதிவு எண் வந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பதிஞ்சாச்சுன்னு சும்மா இருந்துடாத கண்ணு, புக்கை எடு" என்றார்.

எடுத்திருக்கிறேன். நீங்களும் எடுங்கள் நண்பர்களே. எல்லோருக்கும் நல்ல வேலை கிடைக்க வாழ்த்துகள்!